33 வெற்றி, 12 ஏஸ்: நெப்ராஸ்கா பெண்கள் வாலிபால் அணியின் 2023 சீசன்

2023 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் டாம்பா நகரின் அமலி அரங்கில் நடந்த என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) முதல் பிரிவு பெண்கள் வாலிபால் இறுதிப் போட்டிக்கு நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணி 33 வெற்றி, 1 தோல்வி என்ற கணக்கோடு வந்தது. எதிரே நின்ற டெக்சாஸ் அந்தச் சீசனில் 4 முறை தோற்றிருந்தது. ஆட்டம் 22-25, 14-25, 11-25 என்று நேர் செட்களில் டெக்சாஸிடம் போனது. டெக்சாஸ் போட்ட சர்வீஸ்களில் 12 நேரடியாகப் புள்ளியாயின, அதாவது 12 ஏஸ். நெப்ராஸ்கா எடுத்த புள்ளிகள் 22, 14, 11 என்று செட்டுக்குச் செட் இறங்கின. இந்த ஆய்வு அந்த இறக்கத்தைப் பற்றியது.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் சொல்லும் விளக்கங்கள் இரண்டு உண்டு. ஒன்று, அனுபவம் போதவில்லை. இன்னொன்று, பெரிய கூட்டத்தைக் கண்டு மிரண்டுவிட்டார்கள். அந்த அணியில் முதலாம் ஆண்டு மாணவிகள் நால்வர் தொடர்ந்து ஆடியதால் முதல் விளக்கம் சுலபமாக ஒட்டிக்கொண்டது. இரண்டாவது நிற்கவே நிற்காது. ஆகஸ்ட் 30 அன்று இதே அணி லிங்கன் நகரின் மெமோரியல் ஸ்டேடியத்தில், அமெரிக்கக் கால்பந்துக்கான திறந்தவெளி மைதானத்தில், 92,003 பேருக்கு முன்னால் ஒமாஹா அணியை 25-14, 25-14, 25-13 என்று வென்றிருந்தது. பெண்கள் விளையாட்டுப் போட்டி ஒன்றுக்கு அதுவரை அதிகாரப்பூர்வமாகப் பதிவான அதிகபட்சக் கூட்டம் 2022 ஏப்ரலில் பார்சிலோனாவில் திரண்ட 91,648. டாம்பாவில் இருந்தது 19,727 பேர். கூட்டம்தான் காரணம் என்றால் இந்த அணி ஆகஸ்டிலேயே விழுந்திருக்க வேண்டும்.

எங்கள் பார்வையில் விடை சர்வீஸ் வாங்குவதில், அதாவது எதிரணி போடும் சர்வீஸை எடுத்துக் கொடுக்கும் முதல் பாஸில், இருக்கிறது. அதற்கு வீடியோவைக்கூடத் தேட வேண்டாம். ஸ்கோரே பாதிக்கு மேல் சொல்லிவிடும்.

சீசன் போன வழி

அப்போது பயிற்சியாளர் ஜான் குக். அவர் கையில் அந்த அணி 2000, 2006, 2015, 2017 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றிருந்தது. 2023 அணியில் செட்டர் (அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) பெர்கன் ரைலி, அவுட்சைட் (இடது மூலையில் அடிப்பவர்) ஹார்ப்பர் மர்ரி, மிடில் (வலையின் நடுவில் அடிப்பவர், தடுப்பவர்) ஆண்டி ஜாக்சன், பின்வரிசைக்கு லேனி சோபாய் என்று நால்வர் முதலாம் ஆண்டு. ஃபுளோரிடாவிலிருந்து மாறி வந்த மெரிட் பீசன் ஆப்போசிட் (வலது பக்கம் அடிப்பவர்), லெக்ஸி ரோட்ரிகஸ் லிபரோ (பின்வரிசையில் மட்டும் ஆடுபவர்), பெக்கா ஆலிக் இன்னொரு மிடில். ஒரே செட்டர் ஆறு ரொட்டேஷனையும் (ஆட்டக்காரிகள் களத்தில் இடம் சுழலும் ஆறு நிலைகள்) நடத்தும் 5-1 முறை.

தொடக்கத்திலிருந்து 27 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. அக்டோபர் 21 அன்று விஸ்கான்சினை ஐந்து செட்டில் வென்றது. நவம்பர் 24 அன்று அதே விஸ்கான்சினிடம் மேடிசனில் நேர் செட்களில் தோற்றது. பிக் டென் கூட்டமைப்பில் 19-1 என்று முடித்து பட்டத்தை எடுத்தது. என்சிஏஏ தொடரில் ஐந்து சுற்று தாண்டியது, அரையிறுதியில் பிட்ஸ்பர்க்கை நேர் செட்களில் முடித்தது. டாம்பாவில் நடந்தது தோற்ற இரண்டாவது ஆட்டம்தான்.

33-2 என்பதை ஒரே எண்ணாகப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. பிளாக்கும் (வலையில் எழும்பித் தடுப்பது) டிஃபென்ஸும் வலுவாக இருக்கும் அணிக்கு சர்வீஸ் வாங்குவதில் உள்ள ஓட்டை பல வாரம் வெளியே தெரியாமலே இருக்கலாம். பாஸ் கெட்டு ஒரு புள்ளி போனால், அடுத்த இரண்டு ரேலிகளில் (சர்வீஸிலிருந்து புள்ளி விழும்வரை நடப்பது ஒரு ரேலி) எதிரணியின் அடியைத் தடுத்து அதைத் திருப்பி எடுத்துவிடும். பலவீனமான சர்வீஸ் அணிகளுக்கு எதிரே இந்தக் கடன் தீர்ந்துகொண்டே இருக்கும். வாங்கும் புள்ளிகள் தொடர்ந்து கைநழுவும் நாளில்தான் கடன் மொத்தமாக வந்து நிற்கும்.

ஸ்கோரை மட்டும் வைத்து

ரேலியில் வென்றவர் அடுத்த சர்வீஸ் போடுகிறார். சர்வீஸ் வாங்கிய அணி ரேலியை வென்றால் அது சைட்-அவுட். போட்ட அணியே வென்றால் அது பிரேக் பாயின்ட். சைட்-அவுட் எப்போதும் மாறி மாறித்தான் விழும். ஒரு அணி சைட்-அவுட் எடுத்தபின் மற்ற அணி எடுக்கும்வரை முதல் அணிக்கு இன்னொரு சைட்-அவுட் கிடைக்க வழியில்லை, சர்வீஸ் அதன் கையில் இருக்கிறதே!

இதிலிருந்து பலரும் கவனிக்காத ஒரு கணக்கு கிடைக்கிறது. 25 புள்ளியில் முடியும் செட்டை வென்ற அணி சரியாக 24 அல்லது 25 முறைதான் சர்வீஸ் போட்டிருக்கும். அந்த அணியே செட்டைச் சர்வீஸோடு தொடங்கியிருந்தால் 25, மற்றது தொடங்கியிருந்தால் 24. ஸ்கோர் 25-23 ஆனாலும் 25-5 ஆனாலும் இதுதான். நம்பிக்கை வராதவர்கள் ஏதாவது ஒரு செட்டின் ஸ்கோர் தாளை எடுத்து எண்ணிப் பார்க்கலாம்.

இப்போது டாம்பா. மூன்று செட்டிலும் டெக்சாஸ் போட்ட சர்வீஸ் மொத்தம் 72-க்கும் 75-க்கும் இடையில். அதில் 12 ஏஸ். ஆறு சர்வீஸுக்கு ஒன்று நேரடிப் புள்ளி. செட்டுக்கு 4. கல்லூரி மட்டத்தில் செட்டுக்கு 2 ஏஸைச் சீசன் முழுக்கத் தொடும் அணியை எதிரணிகள் பயத்தோடுதான் பார்ப்பார்கள்.

மூன்றாவது செட்டில் நெப்ராஸ்கா வாங்கிய சர்வீஸ் 24 அல்லது 25. எடுத்த மொத்தப் புள்ளி 11. அந்த 11-உம் சைட்-அவுட் என்றே வைத்துக்கொண்டாலும் வெற்றி விகிதம் 24-க்கு 11, அதாவது 46 விழுக்காட்டைத் தாண்டாது. டெக்சாஸ் வலையில் அடித்த சர்வீஸும் வெளியே அடித்த சர்வீஸும் இதற்குள்ளேயே அடங்கிவிட்டன, ஆக இது தாராளமான கணக்கு. நெப்ராஸ்கா தன் சர்வீஸில் ஒரு புள்ளி எடுத்திருந்தாலும் எண் இன்னும் கீழே போகும். இரண்டாவது செட்டில் இதே உச்ச வரம்பு 58. மேல்மட்டக் கல்லூரி அணி 60-க்கு மேல் எடுத்தால்தான் ஆட்டத்தில் நிற்க முடியும் என்பது பயிற்சியாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த அளவுகோல்.

ஏஸ் எவ்வளவு பெரிய பள்ளம் என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். 24 சர்வீஸ் வாங்குகிறீர்கள், 4 ஏஸ் போய்விட்டது. 15 சைட்-அவுட் வேண்டும் என்றால் மிச்சமுள்ள 20 ரேலியில் 15 வெல்ல வேண்டும், 75 விழுக்காடு. மிச்சமுள்ள 20-இலும் பாஸ் பாதி சரியாக வராத நாளில் அந்த எண்ணை எந்த அட்டாக்கராலும் எட்ட முடியாது. டெக்சாஸின் மேடிசன் ஸ்கின்னர் அன்று 16 கில் (நேரடியாகப் புள்ளியான அடி) எடுத்தார், போட்டியின் சிறந்த ஆட்டக்காரியும் அவர்தான். அந்த 16-ஐத்தான் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு 12 தான் பெரிய எண்ணாகத் தெரிகிறது.

ஒரு பாஸ் எங்கே உடைகிறது

வலையின் ஒரு பக்கம் 9-க்கு 9 மீட்டர், 81 சதுர மீட்டர். மூன்று பேர் சர்வீஸ் வாங்கும் அமைப்பில் ஆளுக்கு 27. லிபரோவும் இரண்டு அவுட்சைடும் அந்த மூவர். காகிதத்தில் சமமாகப் பிரிந்தாலும் களத்தில் அப்படி இருக்காது. முன்வரிசையில் இருக்கும் அவுட்சைட் பாஸ் கொடுத்த கையோடு இடது மூலைக்கு ஓடி அடிக்கவும் வேண்டும். அதனால் லிபரோ அவளுடைய பங்கில் ஒரு மீட்டரை எடுத்துக்கொள்வாள். அந்த ஒரு மீட்டர்தான் சர்வீஸ் போடுபவளின் குறி. "உன்னுடையது" என்று இருவரும் நினைக்கும் இடைவெளி அங்கே திறக்கிறது.

ஜம்ப் ஃபுளோட் சர்வீஸை எடுத்துக்கொள்வோம். பந்து சுழலாமல் வரும். சுழலாத பந்தின் மேல் காற்று ஒரே மாதிரி ஓடாது, தையல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்து பாதை மாறும், அதுவும் பாதையின் கடைசிப் பகுதியில். அடித்த கணத்திலிருந்து கைக்கு வர ஏறக்குறைய ஒரு வினாடி. இரண்டு முன்கையும் சேர்ந்த தளம் ஒரு சாண் அகலம் இருக்கும். பந்து கடைசி மூன்று மீட்டரில் அரைச் சாண் விலகினாலே தளத்தின் விளிம்பில் பட்டு பக்கவாட்டில் தெறிக்கும்.

இதில் ஆட்டக்காரி செய்யும் பிழை பெரும்பாலும் கையில் இல்லை, காலில்தான். சர்வர் பந்தைத் தூக்கிப் போடும்போது வாங்குபவள் குதிகாலில் நிற்கிறாள். பந்து விலகியதும் காலை நகர்த்த நேரமில்லை, கையை மட்டும் நீட்டுகிறாள். நீட்டிய கை சாய்கிறது, தோளும் கூடவே திரும்புகிறது, பந்து செட்டரைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகிறது. அடுத்த முறை அதற்குப் பயந்து ஒரு மீட்டர் பின்னால் நிற்பாள். அதைப் பார்த்த சர்வர் மூன்று மீட்டர் கோட்டுக்கு அருகில் குட்டையாகப் போடுவாள். ஓடி வந்து குனிந்து எடுத்த அவுட்சைட், அடிக்க ஓட வேண்டிய நான்கு எட்டில் இரண்டை அங்கேயே இழந்துவிட்டாள். ஒரு ஏஸ் இப்படித்தான் அடுத்த மூன்று ரேலியையும் தின்கிறது.

பாஸ் வலையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி விழுந்தால் என்ன நடக்கும் என்று பார்த்தால் மீதிக் கதையும் தெரிந்துவிடும். மிடிலின் விரைவு அடி போய்விட்டது, ஏனென்றால் செட்டரும் மிடிலும் ஒட்டி நிற்காமல் அந்த அடி கிடையாது. எதிரணி மிடில் பிளாக்கருக்கு இனி ஏமாற வேண்டிய அவசியமில்லை. பந்து உயரமாக இடது மூலைக்குத்தான் வரும் என்று தெரிந்து நடந்தே போகிறாள். 2.24 மீட்டர் வலைக்கு மேல் இரண்டு ஜோடிக் கைகள் எழும்புகின்றன. அட்டாக்கர் ஓரமாக அடிக்கப் பார்க்கிறாள், பந்து வெளியே. ஸ்கோர் தாளில் அது அட்டாக் பிழை என்று அவள் பெயரில் ஏறும். பாஸ் கொடுத்தவள் பெயரில் ஒன்றும் ஏறாது. சீசன் முடிந்து தாளை மட்டும் பார்த்துப் பேசும் கூட்டங்களில் அடிப்பவர்கள் தலையில் பழி விழுவது இதனால்தான். முதலாம் ஆண்டு அட்டாக்கர் என்றால் பழி இன்னும் எளிதாக விழும்.

பெஞ்சில் இருக்கும் கருவிகள்

கல்லூரி விதிப்படி ஒரு செட்டுக்கு 15 மாற்று ஆள் உண்டு (சர்வதேச விதியில் 6), இரண்டு டைம்-அவுட். லிபரோ ஒரு ரொட்டேஷனில் சர்வீஸும் போடலாம். கருவிகளுக்குக் குறைவில்லை. எதை எப்போது எடுப்பது என்பதில்தான் அணிகள் தடுமாறுகின்றன.

டைம்-அவுட் மூச்சு வாங்க உதவும், சர்வரின் கையைக் கொஞ்சம் குளிரவைக்கும், அவ்வளவுதான். மூன்று புள்ளி போனபின் எடுப்பது வழக்கம். ஒரே சர்வரிடம் இரண்டு பிரேக் போனதுமே எடுப்பது மேல் என்பது எங்கள் கருத்து. மூன்றாவதற்குள் வாங்குபவர்கள் பின்வாங்கி நிற்கத் தொடங்கியிருப்பார்கள். அந்த நேரத்தில் "நன்றாகப் பாஸ் பண்ணு" என்று சொல்வது வீண் பேச்சு. சொல்ல வேண்டியது இரண்டே: இடைவெளிப் பந்து யாருடையது, ஆளுக்கு எத்தனை அடி முன்னால் நிற்பது.

அடுத்தது நான்காவது ஆளைச் சேர்ப்பது. ஆப்போசிட் அல்லது பின்வரிசை ஆள் உள்ளே வந்தால் ஆளுக்கு 20 சதுர மீட்டர். இடைவெளி சுருங்கும், ஆனால் இடைவெளிகளின் எண்ணிக்கை இரண்டிலிருந்து மூன்றாகும். யார் எந்தப் பந்து என்று பயிற்சியில் பழகாத அணி இறுதிப் போட்டியில் இதைத் தொடங்கினால் புதிய ஏஸ்தான் கிடைக்கும். இடம் மாறி நிற்கும்போது அருகருகே இருக்க வேண்டிய வரிசை கலைந்தால் ரொட்டேஷன் தவறு வேறு.

நாங்கள் அதிகம் நம்பும் கருவி மூன்றாவது, யாரும் பெரிதாகப் பேசாதது: பாஸின் குறியை மாற்றுவது. வழக்கமான குறி வலையிலிருந்து ஒரு மீட்டருக்குள், வலது பக்கம். சர்வீஸ் கையை மீறும் நாளில் அதை மூன்று மீட்டர் கோட்டின் நடுவுக்குக் கொண்டுவந்து உயரமாகக் கொடுக்கச் சொல்ல வேண்டும். மிடில் அடியைத் தெரிந்தே விட்டுவிடுகிறோம். பதிலுக்குப் பந்து எதிர்ப்பக்கம் பறக்காது, செட்டருக்கு நேரம் கிடைக்கும், இரு மூலைக்கும் பின்வரிசைக்கும் மூன்று வழி திறந்திருக்கும். சுமாரான சைட்-அவுட் விகிதம்தான் வரும், ஆனாலும் ஒரே ரொட்டேஷனில் ஐந்தாறு புள்ளி தொடர்ந்து போவது நிற்கும். 2024 சீசனிலிருந்து என்சிஏஏ, பந்து தன் பக்கத்திலேயே இருக்கும்வரை இரண்டாவது தொடுகையில் இரட்டைத் தொடுகையைத் தவறாகக் கொள்வதில்லை. கோட்டருகே வரும் தடுமாற்றப் பந்தைச் செட்டர் விரலாலேயே எடுக்க முடிவதால் இந்த முறைக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது.

சீசன் முடிந்ததும் ஆட்டக்காரி நிரப்ப வேண்டிய தாள்

சீசனைத் திரும்பிப் பார்க்கும் ஆட்டக்காரி வெற்றி-தோல்வியிலிருந்து தொடங்கினால் ஏற்கெனவே தெரிந்ததையே தெரிந்துகொள்வாள். தன் கைக்கு வந்த ஒவ்வொரு சர்வீஸையும் வீடியோவில் பார்த்து 3, 2, 1, 0 என்று மதிப்பெண் இட வேண்டும். செட்டருக்கு எல்லா வழியும் திறந்த பாஸ் 3. மிடில் அடி இல்லாமல் இரண்டு மூலையும் கிடைத்தால் 2. ஒரே ஒரு உயரப் பந்துக்கு மட்டும் வழி என்றால் 1. ஏஸ் 0.

சராசரியை மட்டும் எடுப்பதுதான் இங்கே பெரிய பொறி. உதாரணத்துக்கு 3, 3, 0, 0 என்று நான்கு பாஸ் கொடுத்தவளுக்கும் 2, 1, 2, 1 என்று கொடுத்தவளுக்கும் சராசரி 1.5 தான். முதலாமவள் இரண்டு புள்ளியை ரேலி இல்லாமலே கொடுத்துவிட்டாள். ஆகவே 0-க்குத் தனி நெடுவரிசை. அது நூற்றுக்கு எத்தனை என்பதை முதலில் பார்க்க வேண்டும், சராசரியைப் பிறகு.

அடுத்த நெடுவரிசைகள்: சர்வீஸ் வகை (ஃபுளோட், ஜம்ப் ஃபுளோட், டாப் ஸ்பின்), பந்து விழுந்த இடம் (நேராக உடம்புக்கு, வலப்பக்கம், இடப்பக்கம், குட்டை, இடைவெளி), எந்த ரொட்டேஷன், முந்தைய சர்வீஸில் என்ன நடந்தது. கடைசியாகச் சொன்னதைப் பலர் எழுதுவதில்லை. ஏஸ் வாங்கியபின் வந்த அடுத்த பாஸ்களை மட்டும் தனியே கூட்டிப் பார்த்தால், பின்வாங்கி நிற்கும் பழக்கம் இருக்கிறதா என்பது பளிச்சென்று தெரியும். ரொட்டேஷன் நெடுவரிசை அணிக்குப் பயன்படும்: 5-1 முறையில் செட்டர் முன்வரிசையில் இருக்கும் மூன்று ரொட்டேஷனில் முன்னால் அடிப்பவர்கள் இருவர்தான், கெட்ட பாஸ் அங்கேதான் அதிகம் வலிக்கும்.

எத்தனை பாஸ் இருந்தால் எண்ணை நம்பலாம்? மேலே சொன்ன கணக்குப்படி தோற்ற செட்டில் ஒரு அணி 24 அல்லது 25 சர்வீஸ் வாங்கும், மூன்று பேருக்கு ஆளுக்கு எட்டு. அதிலும் சில வெளியே போகும். ஒரு ஆட்டத்தின் இருபது முப்பது பாஸை வைத்து 2.1-க்கும் 2.4-க்கும் வித்தியாசம் பேசுவது சீட்டுக் குலுக்கிப் பார்ப்பது போல. ஒரு வகைக்கு நூறு பாஸாவது சேரட்டும். சேராவிட்டால் எதிரணிகளைச் சர்வீஸ் பலம் பார்த்து மேல், கீழ் என்று இரண்டாகப் பிரித்தால் போதும். மேல் குழுவில் மட்டும் 0-வின் விகிதம் இரட்டிப்பானால், அந்த ஆட்டக்காரியின் சீசன் சராசரி அவளை ஏமாற்றியிருக்கிறது. நெப்ராஸ்கா போன்ற அணி வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடுவதில் பெரும்பாலானவை கீழ் குழுவில்தான் விழும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பயிற்சிக்கு ஒரே ஒரு குறிப்பு. பயிற்சியாளர் பெட்டி மேல் ஏறி நின்று வீசும் பந்தை ஆயிரம் முறை வாங்குவதைவிட, சக வீராங்கனைகள் 9 மீட்டர் கோட்டுக்குப் பின்னிருந்து முழு வேகத்தில் போடும் 40 சர்வீஸ் மேல். பந்து சுழலாமல் வரும் அந்தக் கடைசி மூன்று மீட்டரைப் பெட்டி காட்டித் தராது.

ஓராண்டு கழித்து

2024-இல் ரைலி, மர்ரி, ஜாக்சன், பீசன், ரோட்ரிகஸ் எல்லோரும் இருந்தார்கள். அணி மறுபடியும் 33 ஆட்டம் வென்றது. டிசம்பர் 19 அன்று லூயிவில்லில் பென் ஸ்டேட்டுக்கு எதிரான அரையிறுதியில் முதல் இரண்டு செட்டை 25-23, 25-18 என்று எடுத்தது. மூன்றாவது 23-25. நான்காவதில் 22-16 என்று முன்னிலை, இறுதிப் போட்டிக்கு இன்னும் மூன்றே புள்ளி.

அங்கிருந்து செட் 26-28 என்று போனது, ஐந்தாவது 13-15. 22-16-க்குப் பிறகு விழுந்த 16 ரேலியில் பென் ஸ்டேட் 12, நெப்ராஸ்கா 4. முன்னர் போட்ட அதே கணக்கை இந்தத் துண்டுக்குப் போடலாம்: நெப்ராஸ்கா அந்த நேரத்தில் 11 அல்லது 12 சர்வீஸ் வாங்கியிருக்க வேண்டும், அதிகபட்சம் 4 சைட்-அவுட். பாஸ் கெட்டதா, அடி வெளியே போனதா என்று ஸ்கோர் பிரித்துச் சொல்லாது. விகிதத்தை மட்டும் சொல்லும்: உச்சமாக 36 விழுக்காடு, டாம்பாவின் மூன்றாவது செட்டுக்குக் கிடைத்த 46-ஐவிடக் கீழே.